பிளாக்மெயில்: இந்த 'மெயில்' தபால் இல்லை

பிளாக்மெயில் என்றதும் நமக்கு மொட்டைக் கடிதம்தான் ஞாபகம் வரும். கறுப்புத் தபால்! பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தபாலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, நண்பர்களே.

தபாலைக் குறிக்கும் மெயில், 'பை' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. இந்த மெயில் வேறு. ஸ்காட்லாந்தில் மெயில் என்றால் குத்தகை, வாடகை. மூலம் பழைய நார்ஸ் மொழியின் 'மால்', அதாவது பேச்சு, ஒப்பந்தம். நாமும் "வாடகை பேசியாச்சு" என்கிறோமே, அதே கதைதான்.

சரி, பிளாக் ஏன்? வெள்ளிக் காசில் கொடுத்தது வெள்ளைக் குத்தகை, மாடாகவும் தானியமாகவும் கொடுத்தது கறுப்புக் குத்தகை என்று ஒரு விளக்கம் உண்டு. 'கெட்ட' என்பதுதான் பொருள் என்பது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கே. பறிகொடுப்பவன் அது காசா மாடா என்று பார்த்தா பெயர் வைப்பான்?

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையில் ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம் போன்ற குடும்பங்களுக்கு மாடு திருடுவது கிட்டத்தட்டக் குலத்தொழில். இரவில் குதிரையில் வந்து தொழுவத்தைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். வராமல் இருக்க வேண்டுமா? அவர்களுக்கே பணம் கட்ட வேண்டும். நம்மூர் பாஷையில் மாமூல். அரசாங்கம் காப்பாற்றாத இடத்தில் விவசாயி வேறென்ன செய்வான்?

1601-இல் எலிசபெத் ராணியின் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கம்பர்லாந்து, நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, டர்ஹம் பகுதிகளில் பிளாக்மெயில் வாங்கினால் மரண தண்டனை. இதிலென்ன ஆச்சரியம் என்கிறீர்களா? கொடுத்தாலும் மரண தண்டனை! கட்டாவிட்டால் மாடு போகும், கட்டினால் உயிர் போகும்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலோ இந்த வியாபாரம் 18ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. புகழ்பெற்ற ராப் ராயின் உறவினரான மெக்ரெகர் ஒருவர் 1741-இல் நிலக்காரர்களோடு எழுத்து மூலமாகவே ஒப்பந்தம் போட்டார். வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். திருடுபோன மாட்டை மீட்டுத் தருவார், முடியாவிட்டால் அதன் விலையைக் கொடுப்பார். பி.காம் படிக்கிற எனக்கு இன்சூரன்ஸ் பாடம்தான் நினைவுக்கு வந்தது. என்ன, பிரீமியம் கட்டாதவன் வீட்டில் மட்டும் திருட்டு நிச்சயம்.

ரகசியத்தை வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டத்தில் பிளாக்மெயில் என்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதிகபட்சம் 14 ஆண்டு சிறை, மிரட்டியவருக்கு மட்டும். பணம் கொடுத்தவருக்கு அதில் தண்டனை இல்லை.