பூட்டிய விலையும் ஓடும் விலையும்

பிரிட்டனில் ஒரு குடும்பம் தன் வீட்டுக்கான மின்சாரத்தையும் எரிவாயுவையும் எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளலாம். நிறுவனத்தைத் தேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ அலகின் விலையைப் பூட்டிவைக்கும் நிலைவிலைத் திட்டம் ஒருபுறம், சந்தையைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கும் மாறுவிலைத் திட்டம் மறுபுறம். எது லாபம் என்று அந்நாட்டுச் செய்தித்தாள்கள் ஓயாமல் அலசுகின்றன. சிக்கனம் பற்றிய கேள்வியாகவே பலரும் இதைக் காண்கிறார்கள். வரலாற்றில் வைத்துப் பார்த்தால், விலை ஏறும்போது அந்த அடியை யார் தாங்குவது என்ற பழைய வழக்கு இது.

நம் வேளாண்மையில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: வாரம், குத்தகை. வாரத்தில் விளைந்தது பங்கிடப்படும். மழை பொய்த்தால் இருவர் பங்கும் குறையும். குத்தகையில், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தே ஆகவேண்டும். பிரிட்டனின் நிலைவிலைத் திட்டத்தில் குத்தகைக்காரனின் இடத்தில் நிற்பது நிறுவனம். அளக்க முடியாத குத்தகைக்காரன் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போவதும் உண்டல்லவா? அது இங்கும் பின்னால் வரும்.

வழக்கின் தொடக்கம் எரிவாயுவில் இருக்கிறது. 1870களில் லண்டன் எரிவாயு நிறுவனங்கள் சிலவற்றுக்கு நாடாளுமன்றம் ஒரு விசித்திரமான விதியைத் தந்தது. வாயுவின் விலையைக் குறைத்தால் பங்குதாரர்களின் ஈவுத்தொகையை உயர்த்திக்கொள்ளலாம். விலையை உயர்த்தினால் ஈவுத்தொகை இறங்கும். ஜார்ஜ் லைவ்சி என்ற நிர்வாகி இதன் பெரும் ஆதரவாளர். விலையேற்றத்தின் வலியில் ஒரு பகுதியை முதலாளியும் உணரட்டும் என்ற இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் வந்த பல நுட்பமான ஏற்பாடுகளைவிட நேர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், ஒரு பென்னி நாணயம் போட்டால் அந்தக் காசுக்குரிய வாயுவைத் தரும் மீட்டர்கள் தொழிலாளர் வீடுகளுக்கு வந்தன. கடனும் இல்லை, மாதக் கடைசியில் பில்லும் இல்லை. காசு தீர்ந்தால் விளக்கு அணையும். அதே காலத்தில், 1892இல், பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் மின்சாரத்தைப் பற்றி வேறொன்றைச் சொன்னார். நுகர்வோர் விளக்கைப் போட்டாலும் போடாவிட்டாலும், அவர் எந்த நொடியிலும் போடக்கூடும் என்பதற்காகவே நிலையமும் கம்பிகளும் ஆட்களும் தயாராகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தயார்நிலைக்கென ஒரு நிலையான தொகையும், எரித்த அலகுகளுக்குத் தனித் தொகையும் வாங்குவதே முறை என்பது அவர் வாதம். (ஹாப்கின்சன் 1898இல் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் தம் பிள்ளைகள் மூவருடன் மாண்டுபோனார்.) இன்று பிரிட்டனில் பெரும்பாலான பில்களில் காணப்படும் தினசரி நிரந்தரக் கட்டணத்தின் வேர் இந்த வாதத்தில் இருக்கிறது.

மின்சாரம் 1948இலும் எரிவாயு 1949இலும் நாட்டுடைமையாயின. அடுத்த நாற்பது ஆண்டுகளில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரியம் சொன்னதுதான் விலை. 1986இல் எரிவாயுவும் 1990இல் மின்சாரமும் பங்குச்சந்தை வழியே தனியாருக்குச் செல்லத் தொடங்கின. 1999 வாக்கில் எல்லா வீடுகளுக்கும் நிறுவனத்தை மாற்றும் உரிமை கிடைத்துவிட்டது. 2002இல் வீட்டு விலைமீதான கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. போட்டியே விலையைக் காக்கும் என்று நம்பினார்கள்.

மக்கள் மாறவில்லை. நிலைவிலைத் திட்டத்தின் காலம் முடிந்து வேறெதையும் தேராதவர்கள் தாமாகவே நிறுவனத்தின் மாறுவிலைத் திட்டத்தில் விழுந்தார்கள். பலர் எந்நாளும் அதிலேயே இருந்தார்கள். போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2016இல் அறிக்கை வெளியிட்டபோது, ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அந்தத் திட்டத்தில் இருந்தனர். 2012 முதல் 2015 வரை வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததாக ஆணையம் கணக்கிட்டது. புது வாடிக்கையாளரைக் குறைந்த விலையில் பிடிக்க, பழையவரின் விசுவாசத்திலிருந்து காசு எடுக்கப்பட்டது. 2013இல் தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் விலையை உறையவைப்பேன் என்றபோது மார்க்சியப் பேச்சு என்று ஏளனம் செய்தது கன்சர்வேட்டிவ் கட்சி. அதே கட்சியின் தெரசா மே ஆட்சியில் 2018இல் விலை உச்சவரம்புச் சட்டம் நிறைவேறி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசியலில் ஏளனத்தின் ஆயுள் ஐந்தாண்டுதான் போலும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உச்சவரம்பு அலகின் விலைக்கும் நிரந்தரக் கட்டணத்துக்கும் உரியது; மொத்தப் பில்லுக்கு வரம்பு இல்லை. கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம், முந்தைய மாதங்களின் மொத்தச் சந்தை விலையைக் கொண்டு அதைக் கணக்கிட்டது. அன்று ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியது. ஆகவே வரம்பு எப்போதும் சந்தைக்குச் சற்றுப் பின்னால் நடந்துவந்தது.

2021இன் பிற்பகுதியில் எரிவாயுவின் மொத்தச் சந்தை விலை பாய்ந்தேறியபோது இந்தப் பின்தங்கல் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. சிறு நிறுவனங்கள் பல, வாடிக்கையாளரிடம் ஓராண்டுக்கு விலையைப் பூட்டிவிட்டு, அதற்கு வேண்டிய வாயுவை முன்கூட்டி வாங்கிவைக்காமல் அன்றாடச் சந்தையை நம்பியிருந்தன. விலை தாழ்ந்திருந்த காலத்தில் அது சாமர்த்தியம். இப்போது இரு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்து வாங்கி, சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 30 நிறுவனங்கள் கடையை மூடின. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட பல்ப் நிறுவனம் 2021 நவம்பரில் அரசுப் பணத்தில் நடக்கும் தனி நிர்வாகத்துக்குள் சென்றது.

மூடிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. விளக்கு அணையவில்லை; முன்பணமும் காப்பாற்றப்பட்டது. பூட்டிய விலை மட்டும் போயிற்று. பல மாதங்கள் மிச்சமிருந்த ஒப்பந்தம் செல்லாதாகி, அவர்கள் புதிய நிறுவனத்தின் உச்சவரம்பு விலைக்கு வந்துசேர்ந்தார்கள். ஒரே விலையைப் பூட்டிய அண்டைவீட்டார் இருவரில், நிலைத்து நின்ற நிறுவனத்தைப் பிடித்தவர் குளிர்காலத்தை நிம்மதியாகக் கழித்தார். மற்றவர் கையில் வெறும் தாளே மிஞ்சியது. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணைப் பார்த்தவர்கள் அதைக் காப்பவரின் களஞ்சியத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. உரிமம் தந்த ஆஃப்ஜெம் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதைவிட வேடிக்கை, புதிய நிலைவிலைத் திட்டங்கள் உச்சவரம்பைவிட விலை கூடியவையாகிவிட்டன. சோம்பேறிகளின் திட்டம் என்று இருபதாண்டுகள் இகழப்பட்ட மாறுவிலைத் திட்டமே அந்தக் குளிர்காலத்தில் புகலிடமாயிற்று.

புகலிடத்தின் கூரையும் உயர்ந்துகொண்டே போனது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. சராசரி வீட்டின் ஆண்டுச் செலவாகச் சொன்னால், 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த வரம்பு 2022 ஏப்ரலில் 1,971 ஆயிற்று. அக்டோபருக்கு 3,549 என்று ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 8 அன்று பிரதமர் லிஸ் டிரஸ், சராசரி வீட்டுக்கு 2,500 பவுண்டு என்ற அளவில் விலையை நிறுத்தி, மிச்சத்தை அரசே கொடுக்கும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று பிற்பகல் எலிசபெத் அரசி காலமானார்; ஆயிரக்கணக்கான கோடி பவுண்டு விழுங்கவிருந்த அறிவிப்பு துக்கச் செய்திகளுக்கு அடியில் போயிற்று.

2023இல் விலை இறங்கியபின் நிலைவிலைத் திட்டங்கள் சந்தைக்குத் திரும்பின; உச்சவரம்பு இப்போது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. மூடிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை இடம்மாற்றிய செலவு 270 கோடி பவுண்டு, வீட்டுக்கு ஏறக்குறைய 94 பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 ஜூனில் மதிப்பிட்டது. அந்தத் தொகை பெரும்பாலும் ஹாப்கின்சனின் நிரந்தரக் கட்டணத்தில்தான் ஏற்றப்பட்டது. அந்த நிறுவனங்களின் பெயரையே கேட்டிராத வீடுகளும், ஒற்றை அறையில் ஒற்றை விளக்கோடு இருக்கும் முதியவரும், பத்து அறை மாளிகைக்காரரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரே அளவில் அதைச் செலுத்தினார்கள்.