எம்டன்: தமிழுக்குள் நுழைந்த கப்பல், பினாங்குக்கும் வந்த கப்பல்

"அவன் சரியான எம்டன்டா, ஏமாத்திட்டுப் போயிடுவான்!" இந்தப் பேச்சை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்போம். எம்டன் என்றால் யார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "எமன் மாதிரி ஆளு, சார்" என்று பதில் வரும். எமனுக்கும் இந்தச் சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல்தான் நம் மொழிக்குள் ஆளாக நுழைந்தது.

பொது அறிவுக்கு மட்டுமல்ல, இலக்கணத்திற்கும் கட்டுரைக்கும் பயன்படும் என்பதால் இந்தச் செய்தியைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சென்னையில் அரை மணி நேரம்

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் எம்டன், சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் கடற்படைப் பிரிவைச் சேர்ந்தது. அதன் தலைவர் கார்ல் வொன் முல்லர். தனியாகப் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த இக்கப்பல், இரண்டே மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் சென்னைக் கடற்கரைக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. தாக்குதல் நீடித்தது அரை மணி நேரம்தான். ஆனால் அடுத்த நாள்களில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்பாராத நேரத்தில் வந்து அடித்துவிட்டு நழுவுகிறவனுக்கு 'எம்டன்' என்ற பெயர் அப்படித்தான் அமைந்தது.

பினாங்கில் விடியற்காலை

இந்தச் சென்னைக் கதை பலருக்கும் தெரியும். சரியாக 36 நாள் கழித்து அதே கப்பல் நம்ம பினாங்குக்கு வந்தது என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை.

1914 அக்டோபர் 28, பொழுது விடியும் நேரம். தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடைப்பட்ட கடலில் 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. ரஷ்ய மொழியில் ஜெம்சுக் என்றால் முத்து. 1905இல் ஜப்பானுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கடற்படை நொறுங்கியபோதும் தப்பிய கப்பல் அது. அன்றிரவு அதன் தலைவர் செர்காசோவ் கப்பலில் இல்லை. கரையில் தங்கியிருந்தார்.

எம்டனுக்கு உள்ளபடி மூன்று புகைபோக்கிகள். அந்தக் காலத்தில் தூரத்தில் வரும் கப்பலைப் புகைபோக்கிகளை எண்ணித்தான் அடையாளம் காண்பார்கள். ஆகவே, மரத்தாலும் கித்தான் துணியாலும் நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாகச் செய்து நிறுத்தி, நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் கப்பல்போல எம்டன் உள்ளே வந்தது. கிட்டே வந்ததும் ஜெர்மன் கொடியை ஏற்றி, நீர்மூழ்கிக் குண்டைச் செலுத்தியது. ஜெம்சுக் உடைந்து மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட 'முஸ்கே' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. ஆனால் உடனே ஓடிவிடவில்லை. நீரில் தத்தளித்த 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கிக் காப்பாற்றி, பிறகு வழியில் மறித்த ஒரு பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. எம்டனை எதிரிகளே மதித்ததற்கு இப்படிப்பட்ட செயல்களும் காரணம்.

மாண்ட ரஷ்ய மாலுமிகளின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சுங்கை பினாங்கிலிருந்து காரில் போனால் சிறிது நேரம்தான். வரலாற்றுப் பாடத்திற்கு இதைவிட அருகில் ஒரு சான்று கிடைக்குமா?

பினாங்கைத் தாக்கிய 12ஆம் நாள், நவம்பர் 9இல், கொக்கோஸ் தீவுகளில் எம்டனின் ஆட்டம் முடிந்தது. அங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க ஆள்களை இறக்கியபோது, நிலையத்தார் முந்திக்கொண்டு செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' விரைந்து வந்து எம்டனைச் சிதைத்தது. மறைந்து திரிந்த கப்பலைக் காட்டிக் கொடுத்தது ஒரு தந்திச் செய்தி.

சொல்லுக்குள் இலக்கணம்

தமிழில் 'ம்' என்ற மெய்யை அடுத்து ப, ய, வ ஆகிய வேற்று மெய்கள்தாம் வரலாம். 'ட்' வராது. ஆகவே 'எம்டன்' மெய்ம்மயக்க விதிக்கு உட்படாத சொல். பேச்சில் சிலர் 'எமடன்' என்று நடுவில் ஓர் உயிரைச் சேர்த்துச் சொல்வது நாக்கு தானாகக் கண்ட தீர்வு. அடுத்து, 'அன்' என்ற முடிவைப் பாருங்கள். கள்ளன், வீரன் என்பவற்றில் வரும் ஆண்பால் விகுதிபோல அது ஒலிக்கிறது. ஊர்ப்பெயர் கப்பல் பெயராகி, கப்பல் பெயர் ஆண்மகனாக மாறியதற்கு அந்த ஒலியும் உதவியிருக்கும்.

2006இல் திருமுருகன் இயக்கிய படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. நாசர் நடித்த கண்டிப்பான அப்பாவுக்குத்தான் அந்தப் பட்டம். தமிழ்ப் பெயருள்ள படங்களுக்கு வரிவிலக்கு என்று தமிழக அரசு அறிவித்திருந்ததால் அது 'எம் மகன்' ஆனது. 92 ஆண்டுகள் தமிழர் வாயில் புழங்கியும் 'எம்டன்' அந்தத் தேர்வில் தேறவில்லை!

பரவிய ஒரு தவறு

விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னையைத் தாக்கினார் என்று பல பொது அறிவுத் தொகுப்புகளில் படித்திருப்பீர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளையும் இடத்தையும் வைத்துப் பார்த்தால் நிற்காது.

எம்டன் 1910இல் ஜெர்மனியைவிட்டுக் கிழக்காசியாவுக்குப் புறப்பட்டது. பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. செண்பகராமன் 1914இல் இருந்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில். அங்கே இந்திய விடுதலைக்கான அமைப்பை நடத்தி, அந்த ஆண்டின் பிற்பகுதியில் பெர்லினுக்குச் சென்றார். அவர் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருக்க முடியும்? எம்டனில் இருந்திருந்தால் நவம்பரில் மாண்டிருக்க வேண்டும், பிடிபட்டிருக்க வேண்டும், அல்லது கொக்கோஸில் கரையிறங்கித் தப்பிய சிறு குழுவோடு அலைந்திருக்க வேண்டும். அவரோ அப்போது ஐரோப்பாவில் பணி செய்துகொண்டிருந்தார்.

இதைச் சொல்வதால் அவருடைய தியாகம் குறையாது. அவர் செய்த பணியே போதும். செய்யாததை ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. மாணவர்கள் கட்டுரையில் இந்தத் தகவலை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.

வகுப்பறைக்கு

1. உலக வரைபடத்தில் சிங்தாவ், சென்னை, பினாங்கு, கொக்கோஸ் தீவுகள், சூரிச் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள நாள்களை எழுதியதும் செண்பகராமன் கதை ஏன் பொருந்தாது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

2. வியப்பான தகவல் எது கிடைத்தாலும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள்: எப்போது? எங்கே? அந்த நாளில் அவர் அங்கே இருந்திருக்க முடியுமா?

3. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ பொதுச்சொல்லாக மாறிய வேறு சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து வரச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் ரொம்ப நல்ல பட்டியல் கிடைக்கும்.