போத்தலுக்கு விலை உண்டு, உழைப்புக்கு? கார் வர்ணப் பாதுகாப்புக்கு விலை வைக்கும் கணக்கு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் வாகனம் கழுவும் நிலையம் ஒன்றை நடத்துகிறான் என் சித்தியின் மகன். மீள்குடியேறிய காலத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்து படித்தவன். கடன் எடுத்துத்தான் தொழிலைத் தொடங்கினான். அண்மையில் சந்தித்தபோது, "வேலைக்குக் குறைவில்லை அக்கா. மாசக் கடைசியில லோன் கட்டத்தான் காசு மிஞ்சுதில்லை" என்றான்.

அவனுடைய கணக்குக் கொப்பியை இருவருமாக விரித்துப் பார்த்தோம். கார்களுக்கு செராமிக் கோட்டிங் அடிப்பதற்கு என்ன விலை சொல்கிறாய் என்று கேட்டேன். "சாமான் விலையோட பத்தாயிரம் சேர்ப்பன். பக்கத்துக் கடையிலயும் அதுதான்" என்றான். பிழை அங்கேதான் இருந்தது. இதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறியது. கையில் இருக்கும் வண்டியைப் புதிதுபோல வைத்திருக்கப் பலர் காசு செலவழிக்கத் தொடங்கினார்கள். வேலை வந்தது. விலை வைக்கும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை.

என்ன விற்கிறோம்?

வர்ணப் பாதுகாப்பில் பொதுவாக மூன்று வகை உண்டு. வக்ஸ், சீலன்ற் போன்றவை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நிற்கும். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா கலந்த திரவம். ஓரிரு மைக்ரோன் தடிப்பில் இறுகி, தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் காக்கும். கல் பட்டால் தடுக்காது. போத்தலில் உள்ள '9எச்' என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. அதைக் காட்டிக் கீறலே விழாது என்று விற்றால், நாளைக்கு வண்டி திரும்பி வரும்.

மூன்றாவது பி.பி.எஃப் படலம். வியட்நாம் போரில் ஹெலிகொப்டர் சுழலிகளைச் சிதறல்களிலிருந்து காக்கப் பயன்பட்ட பொலியூரித்தேன் நாடாவின் வழிவந்தது. தடிப்பு ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரோன். கல்லடியைத் தாங்குவது இதுதான். 1.52 மீற்றர் அகல ரோலாக வருவதால், வெட்டிக் கழிக்கும் துண்டுகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முழுக் காருக்கும் வசதியில்லாதவருக்கு முன் பம்பர், பொனற், கண்ணாடிகள் மட்டும் என்று விலை சொல்லலாம்.

ஒரு மணி நேரத்தின் விலை

பின்வருவன உதாரணத் தொகைகள். உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

வாடகை, மின்சாரம், கடன் தவணை, இயந்திரத் திருத்தம் எல்லாம் மாதம் 90,000 ரூபா என்போம். 25 நாட்கள், நாளுக்கு 6 மணி நேரம் உண்மையான வேலை என்றால் 150 மணி நேரம். ஆகவே கடை திறந்திருக்கவே மணிக்கு 600 ரூபா வேண்டும். உங்கள் கூலி மணிக்கு 500. மொத்தம் 1,100.

ஒரு நடுத்தரக் காரைக் கழுவ, கிளே கட்டியால் ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்க, மெஷினால் பொலிஷ் செய்ய, கோட்டிங் அடிக்க 10 மணி நேரம் என்றால் 11,000. கோட்டிங், பொலிஷ், பாட், துணி 15,000. இரண்டும் 26,000. திருத்த வேலைக்கென 10 வீதம் ஒதுக்கினால் 28,600. அதன்மேல் 20 வீத இலாபம் வைத்தால் 34,320 ரூபா.

தம்பி சொன்ன விலை 25,000. சாமான் போக 10,000, கடைச் செலவு போக 4,000 மிஞ்சும். மணிக்கு 400 ரூபா. தன் கூலியிலேயே 100 ரூபாவை இழக்கிறான். வர்ணம் மோசமாக இருந்து பொலிஷ் வேலை 6 மணி நேரம் கூடினால், 16 மணி நேர உழைப்புக்கு அவன் கையில் நிற்பது 400 ரூபா. மணிக்கு 25 ரூபா! இதைக் கூட்டிக் காட்டியபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பார்த்த பிறகே விலை

ஆகவே தொலைபேசியில் முடிவான விலை சொல்லக்கூடாது. வண்டியைக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். யாழ். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் கடினமானது. வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் படியும். அவற்றை எடுக்காமல் கோட்டிங் அடித்தால் புள்ளிகள் அடியிலேயே தங்கிவிடும். எடுக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. வானும் ஜீப்பும் பரப்பு கூடியவை. அவற்றுக்குக் காரின் விலை பொருந்தாது.

வர்ணத்தின் மேல்படை பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன்தான். ஒவ்வொரு பொலிஷும் அதில் கொஞ்சத்தை எடுக்கும். தடிப்பு அளக்கும் கருவி வாங்குவது வீண்செலவல்ல.

உத்தரவாதமும் செலவுதான். 'மூன்று வருடம்' என்று சொன்னால், எது அடங்கும், எது அடங்காது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். இலவசமாகக் கழுவித் தருவதென்றால் அந்த மணி நேரங்களையும் முதலிலேயே விலையில் சேருங்கள்.

"எங்கட ஆக்களிட்ட எப்பிடி அக்கா கூடக் கேக்கிறது?" என்றான் தம்பி. போரில் எல்லாவற்றையும் இழந்து, சேமிப்பு இல்லாமல் கடனில் எழுந்த குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வியல்ல. உறவுக்காரருக்கு விலை குறைக்க விரும்பினால் வேலையைக் குறைத்துக் கொடு, கோட்டிங்குக்குப் பதிலாக சீலன்ற் அடி என்றேன். கூலியைக் குறைத்தால் அந்த மிச்சத்தைக் கட்டுவது அவனுடைய வீடுதான்.

இப்போது அவனுடைய கொப்பியில் 'மணி' என்று புதிதாக ஒரு நிரல் இருக்கிறது. விலையைக் கேட்டுச் சிலர் திரும்பிப் போகிறார்களாம். போகட்டும். 16 மணி நேரம் உழைத்து 400 ரூபா எடுப்பதைவிட, அந்த நாளில் நாலு வண்டி கழுவலாம்.