கடலூரில் கிளம்பிய ரயில் எங்கே நின்றது?

கடலூர் துறைமுகத்தில் கிளம்பிய ரயில் சிதம்பரம் வந்து சேரவில்லை. என்ன கேட்பீர்கள்? ஆலப்பாக்கமா, பரங்கிப்பேட்டையா, கிள்ளையா, எங்கே நிற்கிறது என்றுதானே! ஸ்விட்சைப் போட்டதும் பாதியில் உறைந்துவிடும் கம்ப்யூட்டரிடமும் அதையே கேளுங்கள்.

ஏப்ரல் 26, 1999. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. மறுபடி போட்டால்... ம்ஹூம்! கடலூரை விட்டே நகரவில்லை. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-ல் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸின் கைங்கர்யம். ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்.பி.யைப் பூஜ்யங்களால் நிரப்பியது. சில மதர்போர்டுகளில் பயாஸையும் அழித்தது. ‘எல்லாம் போச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் போனது, ஃபைல்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரிப் பக்கம். பெரிய டிஸ்க்குகளில் அதன் இரண்டாவது பிரதி பத்திரமாக இருந்தது. பொறுத்தவர்கள் பலருக்கு ஃபைல்கள் திரும்பக் கிடைத்தன.

ஜூலை 19, 2024. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்த ரயில் நின்றது கிள்ளையில். மருந்து? சேஃப் மோடில் நுழைந்து அந்தப் பிழையான ஃபைலை அழிப்பது. அவ்வளவுதான்!

திரையில் ஒன்றுமே வரவில்லையா? பவர், ராம், மதர்போர்டைப் பாருங்கள். கம்பெனி லோகோவோடு நிற்கிறதா? செருகியிருக்கும் யு.எஸ்.பி.களைப் பிடுங்குங்கள். விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? சேஃப் மோடு.

மெக்கானிக் ‘ஃபார்மட்’ என்று வாயைத் திறந்தால், ‘ஃபைல்களைக் காப்பி எடுத்தாச்சா?’ என்று கேட்டுவிடுங்கள். தண்டவாளம் பெயர்ந்ததற்காகப் பயணிகளின் மூட்டை முடிச்சுகளைக் கொளுத்துவார்களா என்ன?