பைனரி கோப்புகளின் தானியங்கி மீள்பொறியியல்

மூல நிரல் கைவசம் இல்லாத ஒரு மென்பொருளின் இயங்குகோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று கண்டறிவது மென்பொருள் மீள்பொறியியல். துறையில் புழங்கும் பெயர் ரிவர்ஸ் இன்ஜினியரிங். கட்டளை வரியில் இயங்கும் கருவிகளை ஸ்கிரிப்ட்களால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நூற்றுக்கணக்கான கோப்புகளை ஆள் பக்கத்தில் இல்லாமலே அலச விடுவது அதன் தானியங்கி வடிவம். வைரஸ் ஆய்வு, பாதுகாப்புத் தணிக்கை, பழைய மென்பொருளைப் புதிய கணினியோடு இணைத்தல் ஆகிய வேலைகளில் இது அன்றாடம் பயன்படுகிறது.

கோயம்புத்தூரின் கணபதி, பீளமேடு வட்டாரப் பட்டறைகளில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால், வரைபடம் கிடைக்காத பம்ப் பாகத்தையோ மில் எந்திரப் பாகத்தையோ அளந்து, படம் போட்டு, மறுபடி வார்த்தெடுப்பது. பைனரியிலும் அதே வேலைதான், முடிந்த பொருளிலிருந்து வரைபடத்துக்குத் திரும்புவது. இத்துறைக்கான கல்வியும் ஆய்வும் கொங்கு வட்டாரத்தில் எட்டிமடையிலுள்ள அமிர்தா விஷ்வ வித்யாபீடத்தில் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் இத்துறையைப் பொதுமக்கள் பேச்சுக்குக் கொண்டுவந்த நிகழ்வுகளில் ஒன்று, 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் கண்டறியப்பட்ட விவகாரம்.

பின்னணி

நிரலாளர் எழுதிய மூல நிரலைக் கம்பைலர் எந்திர மொழியாக மாற்றும்போது மாறிகளின் பெயர்கள், விளக்கக் குறிப்புகள், தரவு வகைகள் எல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது பைட்களின் வரிசை. அதை அசெம்ப்ளி மொழிக்குத் திருப்பும் கருவி டிஸ்அசெம்ப்ளர். இன்னும் ஒரு படி மேலே போய், சி மொழியைப் போன்ற வடிவத்துக்குக் கொண்டுவருவது டீகம்பைலர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சிஃபுவென்டெஸ் 1994இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, டீகம்பைலர் துறையின் அடிப்படை நூலாக இன்றும் கருதப்படுகிறது. பழைய டாஸ் நிரல்களைச் சி மொழிக்குத் திருப்பும் டிசிசி என்ற கருவியை அவர் அதற்காக உருவாக்கினார்.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அதில் எது கட்டளை, எது தரவு என்று பிழையின்றிப் பிரித்துவிடும் பொதுவான வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்பது கணினி அறிவியலில் நிறுவப்பட்ட முடிவு. ஆகவே எல்லாக் கருவிகளும் ஓரளவு ஊகத்தின் துணையோடுதான் இயங்குகின்றன.

கருவிகள்

முதல் வரிசையில் நிற்பவை, லினக்ஸ் கணினிகளில் எளிதாகக் கிடைக்கும் சிறு கருவிகள். ‘ஃபைல்’ என்ற கட்டளை, கோப்பின் தொடக்க பைட்களை வைத்து அதன் வகையைச் சொல்லும். விண்டோஸ் இயங்குகோப்பு எம், இசட் என்ற இரு எழுத்துகளில் தொடங்கும். அவை மைக்ரோசாஃப்ட் நிரலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளை, பைனரிக்குள் கிடக்கும் வாசிக்கத்தக்க சொற்களை எடுத்துக் கொட்டும். ‘ரீட்எல்ஃப்’, ‘ஆப்ஜ்டம்ப்’ ஆகியவை கோப்பின் உள்ளமைப்பையும் அசெம்ப்ளி வடிவத்தையும் காட்டும்.

அடுத்த வரிசை, முழு நிரலையும் அலசும் பெரிய கருவிகள். இல்ஃபாக் கில்ஃபானோவ் உருவாக்கிய ஐடா நெடுங்காலம் இத்துறையின் அளவுகோலாக இருந்தது. செர்ஜி ஆல்வரேஸ் 2006இல் தொடங்கிய ரடாரே திட்டம் கட்டளை வரிக்கென்றே பிறந்தது. பைத்தான் போன்ற மொழிகளிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பி விடையைப் பெற ஆர்2பைப் என்ற இணைப்பு உண்டு. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்ட கிட்ரா, விலை கொடுத்து வாங்க முடியாத மாணவர்களுக்கும் தரமான டீகம்பைலரைக் கைக்குக் கொண்டுவந்தது. அதனுடன் வரும் ‘அனலைஸ்ஹெட்லெஸ்’ ஸ்கிரிப்ட், சாளரம் எதையும் திறக்காமல் ஒரு கோப்புறையிலுள்ள எல்லாக் கோப்புகளையும் உள்வாங்கி, அலசி, பயனர் எழுதிய ஸ்கிரிப்டை ஒவ்வொன்றின் மேலும் ஓட்டும்.

இவற்றோடு, ஒரே சாயலுள்ள கோப்புகளை விதிகளால் தேடிப் பிடிக்கும் யாரா, நிரலுக்கு என்னென்ன திறன்கள் உண்டு என்று பட்டியலிடும் காப்பா, நிரலின் பாதைகளைக் கணிதக் குறியீடுகளாக ஓட்டிப் பார்க்கும் ஆங்கர் ஆகியவையும் பரவலாகப் பயன்படுகின்றன.

செயல்முறை

தானியங்கித் தொடர் வழக்கமாக ஐந்து கட்டங்களில் நகரும். முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை எடுத்து, ஒரே கோப்பு இரண்டு முறை வந்திருந்தால் கழித்துவிடுவார்கள். இரண்டாவதாக வகை பிரிப்பார்கள். மூன்றாவதாக என்ட்ரோப்பி, அதாவது பைட்களின் ஒழுங்கின்மை, அளக்கப்படும். ஒரு பைட்டுக்கு இதன் உச்சம் 8. அதை ஒட்டி வந்தால் கோப்பின் உள்ளே ஏதோ சுருக்கப்பட்டோ மறையாக்கம் செய்யப்பட்டோ இருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய கோப்பைப் பிரித்தெடுக்காமல் மேலே போவதில் பயனில்லை. நான்காவதாகச் சொற்கள், அழைக்கப்படும் நூலகச் செயற்கூறுகள், இணைய முகவரிகள் ஆகியவை எடுக்கப்படும். ஐந்தாவதாக, சந்தேகத்துக்குரியவை மட்டும் டீகம்பைலருக்குப் போகும். எல்லா விடைகளும் ஜேசன் வடிவில் சேமிக்கப்பட்டு, ஆய்வாளர் வடிகட்டிப் பார்க்கத் தயாராக இருக்கும்.

கருவிகளின் இயல்பு அமைப்புகளை அப்படியே நம்பினால் சில தகவல்கள் கண்ணில் படாமலே போகும். தமிழ் எழுத்து இதற்கு நல்ல சான்று. ‘ஸ்ட்ரிங்ஸ்’ வேறு எதுவும் சொல்லாவிட்டால் 7 பிட் எழுத்துகளை மட்டும், அதுவும் குறைந்தது நான்கு தொடர்ந்து வந்தால் மட்டும் காட்டும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்கள் வேண்டும். ‘கோவை’ என்ற சொல் க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி என 4 குறியீடுகளாக 12 பைட்களைப் பிடிக்கும். அவற்றில் ஒன்றுகூட 7 பிட் எல்லைக்குள் அடங்காது. எனவே தமிழில் செய்தி காட்டும் ஒரு போலி வங்கிச் செயலியில் இந்தக் கட்டளையை வெறுமனே ஓட்டினால், தமிழ்ச் சொல் ஒன்றும் வெளியே வராது. 8 பிட் எழுத்துகளையும் சேர்த்துத் தேடும் விருப்பத்தைக் கொடுத்தால்தான் வரும். விண்டோஸ் நிரல்களில் மிகுதியாக வரும் யுடிஎஃப்-16 சொற்களுக்கும் இப்படித் தனி விருப்பம் கொடுக்க வேண்டும்.

கூடங்குளம் நிகழ்வு

காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் இந்திய வங்கிகளின் ஏடிஎம்களைக் குறிவைத்த ஒரு தீநிரலைக் கண்டு, அதற்கு ஏடிஎம்டிட்ராக் என்று பெயரிட்டனர். அதன் சாயலை யாரா விதிகளாக எழுதித் தங்கள் சேகரிப்பில் தேடியபோது, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 180க்கும் மேற்பட்ட மாதிரிகள் சிக்கின. ஒரு கோப்பைக் கையால் படித்துப் பெற்ற அறிவு, தானியங்கித் தேடலால் ஒரு குடும்பத்தையே வெளிக்கொண்டு வந்தது. டிட்ராக் எனப்பட்ட அந்தக் குடும்பம் விசை அழுத்தங்கள், உலாவியின் வரலாறு, இயங்கும் நிரல்களின் பட்டியல் போன்றவற்றைத் திரட்டும் உளவு நிரல் என்றும், லாசரஸ் என்ற ஊடுருவல் குழுவோடு தொடர்புடையது என்றும் 2019 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது.

அடுத்த மாதம் 28ஆம் தேதி, டிட்ராக் மாதிரி ஒன்று, கோப்புகளை வைரஸுக்காகச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் பொதுப்பார்வைக்கு வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்ட ஒரு பயனர் பெயர் அந்தப் பைனரிக்குள்ளேயே பதிந்திருந்தது. அதாவது, யாரோ முன்பே உள்ளே நுழைந்து தகவல் சேகரித்த பிறகு, அந்த வலையமைப்புக்கென்றே அளவெடுத்துச் செய்த நிரல் அது. மின்நிலையத் தரப்பு முதலில் மறுத்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்றும், செப்டம்பர் 4 அன்றே கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் அதைத் தெரிவித்தது என்றும் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான இணைய வலையமைப்பில் இருந்த கணினி என்றும், உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிக்கை கூறியது.

எட்டிமடையில் ஆய்வு

கோவை–பாலக்காடு சாலையில் உள்ள எட்டிமடை வளாகத்தில் சைபர் பாதுகாப்புக்கென டைஃபாக்-கோர் மையமும் முதுகலைத் தொழில்நுட்பப் படிப்பும் உள்ளன. இதே பல்கலைக்கழகத்தின் கொல்லம் அமிர்தபுரி வளாகத்திலிருந்து நடத்தப்படும் இன்சிடிஎஃப் போட்டி, ரிவர்ஸ் இன்ஜினியரிங் புதிர்களை இந்தியக் கல்லூரி மாணவர்களிடையே பரவலாக்கியது.

எட்டிமடை வளாகத்தின் கணக்கீட்டுப் பொறியியல் மற்றும் வலையமைப்பு மையத்தைச் சேர்ந்த ஆர். விநாயகுமார், கே. பி. சோமன் ஆகியோர் பிறருடன் சேர்ந்து 2019இல் ஐஇஇஇ ஆக்சஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, ஆழ்கற்றல் வழியாகத் தீநிரலைப் பிரித்தறிவதைப் பற்றியது. ஸ்கேல்மால்நெட் என்று பெயரிடப்பட்ட அவர்களது அமைப்பு இரண்டு படிகளில் இயங்குகிறது. முதல் படியில் கோப்பு தீயதா, நல்லதா என்று பிரிக்கும். இரண்டாவது படியில் தீயவற்றைக் குடும்பவாரியாக வகைப்படுத்தும்.

இரண்டாவது படிக்குப் பயன்படுவது, பைனரியைப் படமாக்கும் உத்தி. சான்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லட்சுமணன் நடராஜ் முதலியோர் 2011இல் முன்வைத்த முறை இது. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையிலான எண். அதைச் சாம்பல் நிறப் புள்ளியாக வைத்து வரிவரியாக அடுக்கினால் கோப்பு ஒரு படமாகிவிடும். நிரல் பகுதி நுண்மணல் போலவும், வெற்று நிரப்பல்கள் கறுப்புப் பட்டைகளாகவும் தெரியும். ஒரே குடும்பத்தின் மாதிரிகள் சின்னச்சின்ன மாற்றங்களோடு வந்தாலும் படத்தின் அமைப்பு ஏறக்குறைய மாறாது. 25 தீநிரல் குடும்பங்களைக் கொண்ட அவர்களது மால்இம்ஜி தொகுப்பு பின்னர் உலகெங்கும் இவ்வகை ஆய்வுகளுக்குப் பொது அளவுகோலானது. டிஸ்அசெம்ப்ளர் தேவைப்படாததால் இந்த முறை வேகமானது. ஆனால் கோப்பு எந்தக் குடும்பம் என்று சொல்லுமே தவிர, அது என்ன செய்கிறது என்று விளக்காது.

எட்டிமடை ஆய்வாளர்கள் வலியுறுத்திய ஒரு கருத்து நடைமுறைக்கு முக்கியமானது. பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே காலத்து மாதிரிகளைப் பயன்படுத்தினால் மதிப்பெண் தாராளமாக வரும். நாளை வரப்போகும் தீநிரலிடம் அது செல்லாது. அதனால் வெவ்வேறு காலங்களில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு அவர்கள் சோதித்தனர்.

சட்டநிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இத்துறைக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. முறையாக ஒரு நிரலை வைத்திருப்பவர், தாம் தனியே உருவாக்கிய வேறொரு நிரலுடன் அதை இணைத்து இயக்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, பெறுவதற்காகச் செய்யும் செயல் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பிரிவு 52 கூறுகிறது. நிரலின் பின்னுள்ள கருத்துகளை அறிவதற்காக அதன் இயக்கத்தைக் கவனிப்பதும், ஆராய்வதும், சோதிப்பதும் அதே பிரிவில் அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின் கீழ் வரும். தன் கணினியில் உள்ள கோப்பைப் பிரிப்பதும், அதில் கிடைத்த கடவுச்சொல்லை வைத்து வேறொருவர் சர்வரைத் திறப்பதும் சட்டத்தின் முன் ஒன்றாகாது.

வரம்புகள்

முழுத் தானியக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா 2016 ஆகஸ்டில் லாஸ் வேகாசில் நடத்திய சைபர் கிராண்ட் சேலஞ்ச் சோதித்துப் பார்த்தது. மனிதர் தொடாமல் பைனரியில் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும் ஏழு எந்திரங்கள் அதில் மோதின. 20 லட்சம் டாலர் பரிசை வென்ற மேஹெம், அடுத்து நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டுப் போட்டியில் மனிதக் குழுக்களுடன் மோதிக் கடைசி இடம் பெற்றது.

நிரலைச் சுருக்கி மறைக்கும் பேக்கர்கள், டீபக்கர் என்ற பிழைதேடும் கருவி இருப்பதை உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் நிரல்கள், வேண்டுமென்றே குழப்பப்பட்ட நிரலோட்டம் ஆகியவை தானியங்கித் தொடரை இன்றும் தடுமாறச் செய்கின்றன. ஆங்கர் போன்ற கருவிகளில் ஒவ்வொரு கிளைப்பிரிவும் பாதைகளைப் பெருக்கிக்கொண்டே போவதால் பெரிய நிரல்களில் நினைவகம் தீர்ந்துவிடும். அண்மையில் கிட்ராவோடு பெரிய மொழி மாதிரிகளை இணைத்து, செயற்கூறுகளுக்குப் பெயர் சூட்டவும் விளக்கம் எழுதவும் வைக்கிறார்கள். படிக்கும் நேரம் இதனால் குறைகிறது. ஆனால் தவறான விளக்கமும் சரியானதைப் போலவே தெளிவாக எழுதப்பட்டு வருவதால், அசெம்ப்ளியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை ஆய்வாளரிடமே இருக்கிறது. ஆயிரம் கோப்புகளில் எந்தப் பத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று தேர்ந்து தருவதில்தான் தானியக்கத்தின் பயன் இன்றுவரை உறுதிப்பட்டிருக்கிறது.