கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணப் போறீங்களா? அவுட்லுக், தண்டர்பேர்டு மெயில்களை பத்திரமாக மாற்றுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு பழைய கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸ் போடுவது, முடியாவிட்டால் சிஸ்டத்தையே மாற்றுவது என்று பலரும் இறங்கியிருக்கிறார்கள். போட்டோ, வீடியோ, கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் ஞாபகமாக காப்பி எடுப்பவர்கள்கூட கோட்டை விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அதுதான் மெயில்.

"மெயில் ஆன்லைன்லதானே இருக்கு, பாஸ்வேர்டு போட்டா வந்துடப் போகுது" என்ற நினைப்புதான் காரணம். ஜிமெயிலை பிரவுசரிலோ செல்போனிலோ மட்டும் பார்ப்பவர்களுக்கு அது சரிதான். ஆனால் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற சாஃப்ட்வேர் மூலம் மெயில் பார்க்கும் கடைகள், ஆடிட்டர் ஆபீஸ்கள், சிறு நிறுவனங்களுக்கு அப்படி இல்லை. பல வருட ஆர்டர், பில், ஒப்பந்தம் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கலாம். ஃபார்மேட் ஆனால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

முதலில் தெரிய வேண்டியது: பாப், ஐமேப்

மெயில் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் இரண்டு முறைகளில் இயங்குகின்றன. ஐமேப் முறையில் அசல் மெயில் சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நகல். பாப் முறையில் மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு, சர்வரில் இருப்பதை உடனடியாகவோ சில நாட்கள் கழித்தோ அழித்துவிடும்படி செட்டிங் இருக்கலாம். சொந்த டொமைன் பெயரில் மெயில் வைத்திருக்கும் பழைய ஆபீஸ்களில் பாப் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: செல்போன் பிரவுசரில் உங்கள் மெயில் சேவையின் இணையப் பக்கத்துக்குப் போய் லாகின் செய்யுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மெயிலைத் தேடிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த மெயில் அங்கே இல்லையென்றால், அது உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அவுட்லுக்: பிஎஸ்டி, ஓஎஸ்டி குழப்பம்

அவுட்லுக் தன் டேட்டாவை இரண்டு வகை ஃபைல்களில் வைக்கிறது. பாப் மெயில்களும், நாமாகவே ஆர்கைவ் செய்த மெயில்களும் பிஎஸ்டி ஃபைலில் இருக்கும். ஐமேப், எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளுக்கு ஓஎஸ்டி ஃபைல். பிஎஸ்டியை அப்படியே வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் திறக்கலாம். ஓஎஸ்டி அப்படி இல்லை. அதை காப்பி எடுத்துப்போய் புதிய சிஸ்டத்தில் திறக்க முடியாது. புதிதாக லாகின் செய்யும்போது அவுட்லுக்கே சர்வரிலிருந்து இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளும்.

"அப்போ ஐமேப் வெச்சிருக்கிறவங்களுக்குக் கவலையே இல்லையா?" என்றால், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவுட்லுக்கில் ஐமேப் கணக்கின் காலண்டர், கான்டாக்ட்ஸ் ஃபோல்டர்களுக்குப் பக்கத்தில் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அதில் நீங்கள் சேர்த்து வைத்த தொலைபேசி எண்கள், மீட்டிங் தேதிகள் சர்வருக்குப் போகவே இல்லை. ஓஎஸ்டி அழிந்தால் அவையும் அழியும். எனவே 'ஃபைல்' மெனுவில் 'ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்', பிறகு 'இம்போர்ட் எக்ஸ்போர்ட்' போய், அந்த ஃபோல்டர்களை பிஎஸ்டி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ள வேண்டும்.

பிஎஸ்டி எங்கே இருக்கிறது என்று டிரைவ் டிரைவாகத் தேட வேண்டாம். 'ஃபைல்', 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போய் 'டேட்டா ஃபைல்ஸ்' டேபைத் திறந்தால் எல்லா ஃபைல்களும் வரிசையாகத் தெரியும். 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அந்த ஃபோல்டருக்கே போய்விடும். பொதுவாக டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆனால் பழைய அவுட்லுக்கிலிருந்து அப்கிரேட் ஆகி வந்திருந்தால் 'ஆப்டேட்டா' என்ற மறைக்கப்பட்ட ஃபோல்டருக்குள் இருக்கலாம். சர்வீஸ் கடையில் "டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்துட்டோம் சார்" என்று சொன்னாலும் இது விட்டுப்போக வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் கொடுக்கும் முன் நீங்களே எடுத்துவிடுவது நல்லது. உங்கள் மெயில் முழுவதும் இருக்கும் ஃபைல் அது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

தண்டர்பேர்டில் இது சுலபம்

தண்டர்பேர்டில் மெயில், முகவரிகள், ஃபில்டர்கள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாமே 'புரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனால், புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். இடம் தெரிந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுசாக காப்பி எடுங்கள். 'டூல்ஸ்' மெனுவில் எக்ஸ்போர்ட் வசதியும் உண்டு, ஆனால் அது 2 ஜிபிக்குள் இருக்கும் புரொஃபைல்களுக்குத்தான். புதிய சிஸ்டத்தில் அதே வெர்ஷனோ அதற்கு மேலோதான் போட வேண்டும். புதிய வெர்ஷனில் ஓடிய புரொஃபைலை பழைய வெர்ஷன் ஏற்காது.

காப்பி எடுக்கும்போது

அவுட்லுக் திறந்திருக்கும்போது பிஎஸ்டியை காப்பி செய்யக் கூடாது. மூடிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுங்கள்.

பென் டிரைவில் போடும்போது "ஃபைல் ரொம்பப் பெரிசு" என்று எரர் வந்தால் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். அந்த பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். 64 ஜிபி டிரைவ் காலியாகவே இருந்தாலும், அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. பிஎஸ்டியோ இப்போதைய அவுட்லுக்கில் 50 ஜிபி வரை வளரக்கூடியது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள்.

காப்பி முடிந்ததும் இரண்டு ஃபைல்களின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் உள்ள அவுட்லுக்கில் அந்தக் காப்பியைத் திறந்து, சில பழைய மெயில்களை அட்டாச்மென்டோடு பார்த்துவிடுங்கள். ஃபார்மேட் அதற்குப் பிறகுதான்.

மெயிலின் கீழே வரும் கையெழுத்து, முகவரி பகுதி வழக்கமாக பிஎஸ்டியில் இருக்காது. அது ஆப்டேட்டாவில் 'சிக்னேச்சர்ஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். பாஸ்வேர்டும் பிஎஸ்டியோடு வராது. வருஷக்கணக்கில் டைப் செய்யாத பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா, ஓடிபி வரும் நம்பர் இன்னமும் உங்களிடம் இருக்கிறதா என்பதை இப்போதே சரிபாருங்கள்.

புதிய சிஸ்டத்தில் திறப்பது எப்படி?

பிஎஸ்டியை பென் டிரைவில் வைத்தபடியே திறக்க வேண்டாம். முதலில் கம்ப்யூட்டர் டிஸ்கில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். அது ஒன்டிரைவ் ஃபோல்டராக இருக்கக் கூடாது. விண்டோஸ் 11-ல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் கவனம் தேவை. அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் பெரிய பிஎஸ்டி ஃபைலும் ஒன்டிரைவ் சின்க்கும் ஒத்துப்போகாது. பிறகு அவுட்லுக்கில் 'ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்' போய் 'ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்' கொடுத்தால், பழைய ஃபோல்டர்கள் இடதுபக்கம் வந்துவிடும்.

இது எல்லாமே 'கிளாசிக்' அவுட்லுக்குக்கு. விண்டோஸ் 11-ல் இலவசமாக வரும் 'நியூ அவுட்லுக்' வேறு ஆப். அதில் பிஎஸ்டி வசதி கிளாசிக் அளவுக்கு முழுமையாக இல்லை. ஐகான் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், மெயிலே போய்விட்டது என்று பதற வேண்டாம்.

பாப் கணக்கை மறுபடி சேர்த்ததும் சர்வரில் மிச்சமிருக்கும் மெயில்கள் மீண்டும் ஒருமுறை இறங்கும். சில மெயில்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அதுதான் காரணம். பிஎஸ்டியைத் திறக்கும்போது எரர் வந்தால், ஆஃபீஸோடு வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற ரிப்பேர் டூலை ஓட்டிப் பார்க்கலாம். அதை காப்பியின் இன்னொரு காப்பியில்தான் ஓட்ட வேண்டும்.

ஏற்கனவே விண்டோஸ் மாற்றியாச்சா?

டிஸ்க்கை முழுசாக அழிக்காமல் புதிய விண்டோஸ் போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அதற்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் பழைய பிஎஸ்டி, தண்டர்பேர்டு புரொஃபைல் எல்லாம் அப்படியே இருக்கலாம். அப்கிரேட் செய்து 10 நாட்கள் ஆனதும் விண்டோஸ் அதைத் தானாகவே அழித்துவிடும். 'டிஸ்க் கிளீனப்' ஓட்டுவதற்கு முன்பே வேண்டியதை எடுத்துவிடுங்கள். டிஸ்க் முழுவதும் ஃபார்மேட் ஆகியிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரை அதற்குமேல் பயன்படுத்தாமல் ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பதுதான் வழி. எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் மீட்கும் வாய்ப்பு குறைவு. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஓரளவு நம்பிக்கை உண்டு.