‘ஆயுதமின்றி’ என்ற ஒரு சொல்

உலு யாம் பாருவுக்கு லோ மீ சாப்பிடத்தான் எல்லாரும் வர்றாங்க. நானும் அப்படித்தான் போனேன். அங்குள்ள சீன மயானத்தைப் பிறகுதான் பார்த்தேன். 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலி அருகே ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை சுட்டுக் கொன்ற 24 பேரில் பலர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கையில் ஆயுதமே இல்லாத தோட்டத்து ஆட்கள்.

அடுத்த மாதமே அவசரகால விதிகளில் 27ஏ சேர்ந்தது. பிடிபட்டவர் தப்பி ஓடினால் சுடலாம். ஏற்கெனவே சுட்டிருந்தாலும் செல்லும். பாலம் விழுந்த பிறகு வரைபடத்தைத் திருத்துற வேலை இது.

அதே விதிகளின்படி, துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தெற்கே ரவாங், வாட்டர்ஃபால் தோட்டத்தருகே பிடிபட்ட தொழிற்சங்கத் தலைவர் ‘மலாயா’ கணபதி மீதான குற்றம், ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தது. யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. நேரு அரசு கேட்டுப் பார்த்தது. 1949 மே 4, புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். “துப்பாக்கின்னா தொரை கையில இருக்கும். நமக்குப் பால்வெட்டுற கத்திதான்” என்பார் என் தாத்தா.

பிறகு சுதந்திரம் வந்தது. ரீட் ஆணையத்தின் ஐவரில் இந்தியாவின் பி. மாலிக்கும் ஒருவர். ‘அமைதியாகவும் ஆயுதமின்றியும்’ கூடும் உரிமை என்ற நம் 10ஆம் பிரிவின் சொற்கள் இந்தியாவின் 19ஆம் பிரிவிலும் உள்ளன. அதற்கு முன்பே அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பில் உள்ளன. இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டம் புராட்டஸ்டண்டுகளுக்குத் தந்த ஆயுத உரிமை, 1791இல் அமெரிக்காவின் இரண்டாவது திருத்தமாக வளர்ந்தது. காலனிகளுக்கு அது கப்பலேறவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறொரு சொல்லில். இந்தியச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் ‘நியாயமான’வையாக இருக்க வேண்டும். ரீட் வரைவிலும் அந்தச் சொல் இருந்தது. ஆணையத்தின் பாகிஸ்தான் உறுப்பினர் அப்துல் ஹமீட் எதிர்த்தார். இறுதி வடிவில் காணோம். நாடாளுமன்றம் அவசியம் என்று கருதினாலே போதும் என்றாகிவிட்டது.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. துப்பாக்கி விதி முடியவில்லை. 149ஆம் பிரிவு கதவைத் திறந்துவிட, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவாக அது திரும்ப வந்தது. 1977இல் துப்பாக்கியோடு பிடிபட்ட 14 வயதுப் பையனுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். மன்னிப்பு வாரியம்தான் காப்பாற்றியது.

அந்தச் சட்டம் 2012இல் போனது. கட்டாய மரண தண்டனை 2023இல், கணபதி தூக்கிலேறி 74 வருஷம் கழித்து.